அந்தப் பல்லை ஒட்டாதீர்கள்

திங்கட்கிழமை முதல் வேன் சாவி உங்கள் இருவரிடமும் இருக்கும். ஆறு ஆண்டுகளில் நான் எழுதிய சரிபார்ப்புப் பட்டியல்கள் நீலக் கோப்பில் இருக்கின்றன. தொட்டி நிறுவ ஒன்று, தண்ணீர் மாற்ற ஒன்று, வடிகட்டி கழுவ ஒன்று, பெரிய மீன் இருக்கும் தொட்டியில் அலங்காரப் பொருட்களை நிலைநிறுத்த ஒன்று. முதல் மூன்றையும் படித்தாலே புரியும். நான்காவதில் பதினைந்தாம் வரி மட்டும் கையால் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்ததும் என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த வரி எப்படி வந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

முப்பது வயதுகூட ஆகாதவள் ஓய்வு பெற்றவள் போலப் பேசுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். நான் போகப்போவது குடிநீர் சுத்திகரிப்பு வேலைக்கு. அங்கும் குழாய், பம்பு, தண்ணீர் எல்லாம் உண்டு. ஆனால் நான் பொருத்தியதை மறுநாள் காலையில் கழற்றிப் போட அங்கே யாரும் நீந்திக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த அர்த்தத்தில் இது ஓய்வுதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக் நம் வாடிக்கையாளர். அங்கே காத்திருக்கும் அறைக்கும் சிகிச்சை அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைச் சுவர். சுவரை ஒட்டி, காத்திருக்கும் அறைப் பக்கம், நான்கடித் தொட்டி. தொட்டியில் ஒரே ஒரு லோஹான் மீன். நெற்றியில் பெரிய புடைப்பு, முழங்கை நீளம், கூட யாரும் இருந்தால் பிடிக்காது. அதன் பெயர் தவுக்கே. முதலாளி என்று பொருள். பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது.

பெயர் வைத்தவர் கவுண்டரில் இருக்கும் தேவகி அக்கா. கட்டைவிரல் அளவில் இருந்தபோது இரவுச் சந்தையில் வாங்கி வந்து, கிளினிக்கில் சும்மா இருந்த தொட்டியில் விட்டிருக்கிறார். ஐந்து வருடத்தில் அது இந்த அளவுக்கு வந்துவிட்டது. அக்காவின் வீடு கம்போங் மேடானில், மாடிக் குடியிருப்பில். அந்தத் தொட்டி அந்த வீட்டு லிஃப்டுக்குள்ளேயே நுழையாது. தவுக்கேக்குக் கிளினிக்கை விட்டால் வேறு இடம் இல்லை.

நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வாடிக்கையாளர் அவர்கள்தான். முதல் நாளே டாக்டர் என்னைச் சிகிச்சை அறைக்குள் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். முகமூடிக்கு மேலே தெரியும் கண்களாலேயே திட்டத் தெரிந்தவர்.

"இங்க பாரும்மா. என் கையில ஊசி. பேஷன்ட் வாயத் திறந்து வச்சிருக்காரு. அந்தப் பக்கம் 'டக்'குன்னு ஒரு சத்தம். பேஷன்ட் துள்ளுறாரு. ஊசி எங்க போகும், நீயே சொல்லு."

"இதுவரைக்கும் எங்கயும் போகல டாக்டர்," என்றார் வாசலில் நின்ற தேவகி அக்கா.

"போனப்புறம் உங்கிட்ட சொல்றேன் தேவகி."

அந்த 'டக்' என்பது ஒரு கப்பல். கடலில் மூழ்கிய கப்பல் போலச் செய்த அலங்காரப் பொருள். தவுக்கே அதை நெற்றியால் தள்ளிக்கொண்டு போய்ப் பின்புறக் கண்ணாடியில் மோதவிடும். கப்பல் சலித்துவிட்டால் கல் வளைவு. அதுவும் சலித்தால் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி எறியும்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்," என்றார் டாக்டர். "அப்பவும் சத்தம் கேட்டுச்சுன்னா கிள்ளான்ல ஒரு வளர்ப்பு மீன் கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவர்கிட்ட கொடுத்துடுவேன்."

தேவகி அக்கா என்னை வாசல் வரை வழியனுப்ப வந்தார். "கடையில அத யாரு பாத்துக்குவா? தெரியாத ஆளு கைய விட்டா கடிக்கும். அப்புறம் ஒரு மூலையில போட்டு வச்சிருவாங்க. அதுக்கு மொகம் தெரியணும் லா."

"ரெண்டு தடவ வந்தாப் போதும்க்கா. சரி பண்ணிடலாம்," என்றேன். மெக்கானிக்கல் டிப்ளோமா படித்திருந்தேன். எதிரில் இருந்தது ஒரு மீன்.

முதல் தடவை எடையை நம்பினேன். கப்பலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு கல்லைக் கூழாங்கற்களின் மேல் வைத்தேன். அடுத்த வாரம் வந்து பார்த்தபோது கல் முன்புறக் கண்ணாடியில் சாய்ந்து நின்றது, பேருந்துக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி. தவுக்கே கல்லைத் தொடவே இல்லை. ஒரு பக்கத்தில் இருந்த கூழாங்கற்களை மட்டும் மூன்று நாளாக அள்ளி வேறு இடத்தில் கொட்டியிருந்தது. மீதியைக் கல்லே செய்துகொண்டது. நாம் பொருளின் எடையைப் பார்க்கிறோம். மீன் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. கனமான எதையும் கூழாங்கல்லின் மேல் வைக்காதீர்கள். தொட்டியின் தரையில் பலகை விரித்து அதன்மேல் வைத்துவிட்டுப் பிறகு கூழாங்கல்லைக் கொட்டுங்கள். இது பட்டியலில் இரண்டாம் வரி. அந்த வாரம்தான் அது எழுதப்பட்டது.

நான் அடுத்த முறைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் பொறுமை இழந்து தானே இறங்கிவிட்டார். எனக்குத் தகவல் தேவகி அக்காவின் குரல் பதிவில் வந்தது. "யாழினி, டாக்டர் கப்பலுக்கு ஃபில்லிங் பண்றாங்க. நீ திட்டாத."

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தவுக்கே பின்னறையில் ஒரு பெரிய ஐஸ் பெட்டியில் இருந்தது. தொட்டித் தண்ணீரை முக்கால்வாசி இறக்கி, முகமூடியும் கையுறையும் தலையில் விளக்கும் மாட்டிக்கொண்டு, நான் எடுத்து வைத்திருந்த கப்பலைப் பல் அடைக்கும் சிமெண்டால் தொட்டித் தரையில் பதித்திருந்தார் டாக்டர். தேவகி அக்கா எச்சில் உறிஞ்சும் குழாயால் தரையை ஈரமில்லாமல் பார்த்துக்கொண்டாராம். காத்திருந்த நோயாளிகள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

"இது பத்து வருஷம் நிக்கும்," என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றியபடி.

சிமெண்டில் என்ன கலந்திருக்கிறது என்று நான் கேட்டேன். தண்ணீருக்குள் வைக்கச் சோதித்த பொருளா என்றும் கேட்டேன். "மனுஷன் வாய்க்குள்ள வைக்கிறோம்," என்றார். இரண்டு முறை தண்ணீரை மாற்றிச் சோதித்துவிட்டுத்தான் தவுக்கேயை விட்டேன்.

டாக்டர் சொன்னது உண்மை. சிமெண்ட் அசையவே இல்லை. மறுநாள் மாலை மூன்று மணிக்குக் கப்பலின் மேல்பாதி உடைந்து 'டக்'கென்று கண்ணாடியில் மோதியது. அடிப்பாதி இன்றைக்கும் உளி வைத்தாலும் வராது. டாக்டர் வெளியே வந்து, தலை விளக்கைப் போட்டு அடிப்பாதியைப் பார்த்தார்.

"வேர் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"ஆமா டாக்டர்."

"மாசக் கடைசிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

இதற்குப் பிறகுதான் நான் முறையாக வேலையில் இறங்கினேன். நீங்கள் நீலக் கோப்பில் பார்க்கப்போகும் பதினான்கு வரிகள், அந்த இரண்டாம் வரியைத் தவிர, அடுத்த ஐந்து நாளில் உருவானவை. மேருவில் நம் பட்டறையில் உட்கார்ந்து, புதிய கப்பலையும் கல் வளைவையும் துளையிட்டு, கற்பலகையில் துருப்பிடிக்காத திருகுகளால் முடுக்கி, மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கானால் இடுக்குகளை அடைத்து, முழுதாகக் காயும் வரை இரண்டு நாள் தொடாமல் வைத்தேன். பழைய கப்பலின் அடிப்பாதிக்கு மட்டும் ஓர் இடைவெளி வெட்டிவிட்டு, பலகை தொட்டித் தரையின் முழு அகலத்துக்கும் இருந்தது. எதைப் புரட்ட வேண்டுமானாலும் தவுக்கே பலகை முழுவதையும் சேர்த்துத்தான் புரட்ட வேண்டும். கூழாங்கற்களை எடுத்துவிட்டு, வாயில் அடங்காத உருண்டைக் கற்களைச் சிலிக்கானில் பதித்தேன்.

தவுக்கேயை உள்ளே விட்டதும் அது கப்பலுக்குப் போனது. தள்ளியது. கல் வளைவுக்குப் போனது. தள்ளியது. உருண்டைக் கற்களை ஒவ்வொன்றாக வாயால் இழுத்துப் பார்த்தது. வாடகை வீட்டைக் காலி செய்பவர் எல்லாக் கதவையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது போல, ஒன்றையும் விடவில்லை. எதுவும் அசையவில்லை. நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்தது. நான் பதினான்கு வரிகளுக்கும் டிக் போட்டுப் படமெடுத்துக் குழுவில் அனுப்பினேன். நம் கடை முதலாளி பதிலுக்குக் கட்டைவிரல் குறி போட்டார்.

நான்காம் நாள் மதியம், ஷா ஆலாம் பக்கம் ஃபெடரல் ஹைவே நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது தேவகி அக்கா அழைத்தார்.

"யாழினி, தவுக்கே அங்கிள் மேல தண்ணி அடிக்குது."

"எந்த அங்கிள்?"

"பல் செட்டு அங்கிள் லா. ஏர்கோன் ஒழுகுதுன்னு நெனச்சு ரெண்டு தடவ எடம் மாறி உக்காந்தாரு. இப்பதான் பாத்தோம்."

நடந்தது இதுதான். வடிகட்டியிலிருந்து தண்ணீர் தொட்டிக்குத் திரும்பி வரும் வளைந்த குழாயை ரப்பர் கிண்ணம் ஒன்றுதான் கண்ணாடியில் பிடித்து வைத்திருந்தது. தள்ள வேறு எதுவும் கிடைக்காத தவுக்கே நான்கு நாளாக அதைத் தள்ளியிருக்கிறது. கிண்ணம் விட்டுவிட்டது. குழாயின் வாய் மூடியின் இடைவெளி வழியாக வெளியே திரும்பிக்கொண்டு, தொட்டித் தண்ணீரை நேராகக் காத்திருப்போர் பெஞ்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"பிளக்க எடுங்கக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. பம்பின் வயர் போவது பெஞ்சுக்கு அடியில் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பிளக் பெட்டிக்கு. அதை முதல் நாளே பார்த்திருந்தேன். அது அலங்காரப் பொருள் இல்லை என்பதால் என் பட்டியலில் வரவில்லை.

"அக்கா, பெஞ்சுக்கு அடியில போகாதீங்க. யாரையும் விடாதீங்க. தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"எக்ஸ்டென்ஷனுக்கு இன்னும் ஒரு முழம் இருக்கு."

"மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க."

"உள்ள டாக்டர் ஒருத்தருக்குக் கடவாய்ப் பல்ல அறுத்துக்கிட்டிருக்காங்க. பாதிதான் வந்திருக்கு."

மின்சாரத்தை நிறுத்தினால் வாயைத் திறந்து வைத்திருக்கும் ஒரு மனிதரை இருட்டில் பாதிப் பல்லோடு விட வேண்டும். நிறுத்தாவிட்டால் தண்ணீர் எக்ஸ்டென்ஷனைத் தொடும். இந்த இடத்தில் எனக்கு எந்தப் பட்டியலும் உதவவில்லை. இரண்டு கேள்விகள்தான் உதவின. முதலாவது, டாக்டருக்கு எத்தனை நிமிடம் வேண்டும்? அக்கா கதவைத் திறந்து கேட்டார். "அஞ்சு" என்று குரல் வந்தது. இரண்டாவது, அந்த ஐந்து நிமிடம் தண்ணீர் தரைக்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

"அங்கே யார்கிட்டயாவது குடை இருக்கா?"

பிரிக்பீல்ட்ஸில் மாலை மழைக்குக் குடையில்லாமல் வருபவர் இல்லை. பல் செட்டு அங்கிள் ஏற்கெனவே தன் குடையை விரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்டென்ஷன் இல்லாத பக்கமாக, காய்ந்த தரையில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் அவரை ஏறச் சொன்னேன். குடையைக் கேடயம் போலத் தொட்டியின் விளிம்பில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். குழாயிலிருந்து வந்த தண்ணீர் குடையில் பட்டு வழிந்து தொட்டிக்குள்ளேயே விழுந்தது. தவுக்கே குடைக்கு அடியில் வந்து நின்று அங்கிளைப் பார்த்ததாம்.

"அம்மா, இது மொறைக்குது," என்றது அங்கிளின் குரல் போனில்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க அங்கிள்."

"நான் பல்லு செட்டு அளவு கொடுக்க வந்தேன்மா."

ஆறாவது நிமிடம் உள்ளிருந்து "ஆச்சு" என்ற குரல் கேட்டது. அக்கா மெயின் சுவிட்சை அணைத்தார். எல்லோரும் இருட்டில் நின்று கைதட்டினார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. துடைப்பத்தில் கையூன்றி நின்றுகொண்டு, "சனிக்கிழமை மீன் கடைக்காரர் வராரு," என்றார். மாதக் கடைசிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. தேவகி அக்கா மீன் தீனி டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு பொட்டலத்தில் கட்டத் தொடங்கினார். தவுக்கேயோடு அனுப்பி வைக்க.

எக்ஸ்டென்ஷனைச் சுவரில் உயரத்தில் பொருத்தினேன். குழாயை அக்ரிலிக் பிடியால் தொட்டியின் விளிம்போடு திருகினேன். பிறகு டாக்டரிடம் போய், தவறு மீனுடையதல்ல, என்னுடையது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. என் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில எழுந்தா தாடை வலிக்குதா?"

"எல்லாருக்கும் வலிக்கும்தானே டாக்டர்?"

"நாற்காலியில உக்காரு."

விளக்கை வாய்க்கு நேரே இழுத்துப் பார்த்தார். தூக்கத்தில் பல்லை அரைக்கிறேனாம். கடைவாய்ப் பற்களின் மேல்பக்கம் தேய்ந்து மொட்டையாகிவிட்டதாம். "லிஸ்ட் போடுறவங்க எல்லாருமே அரைப்பாங்க," என்றார்.

"எப்படி டாக்டர் நிறுத்துறது?"

"நிறுத்த முடியாதும்மா. உன் தாடையைக் கட்டி வச்சா கழுத்து வலி வரும். அரைக்கிற வாய்க்கு அரைக்க ஏதாவது ஒன்னு கொடுக்கணும். மெத்துனு ஒரு கவசம் செஞ்சு தரேன். ராத்திரி அதப் போட்டு அரைச்சுக்கோ, பல்லு தப்பிச்சிடும். வாயத் திற, அளவு எடுக்கணும்."

இளஞ்சிவப்புப் பசை நிரம்பிய தட்டு என் வாய்க்குள் போனது. அப்போதுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. பதினான்கு வரிகளால் நான் தவுக்கேயின் தாடையைக் கட்டியிருக்கிறேன். எதிரில் அலமாரியில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுக்க வைத்திருக்கும் பிளாஸ்டிக் கடைவாய்ப் பல் ஒன்று இருந்தது. பெரிய மாங்காய் அளவு. வெள்ளை. உள்ளே காலி.

நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். "ஆடாத, பசை இறுகணும், மூணு நிமிஷம்," என்று டாக்டர் நெற்றியைப் பிடித்து அழுத்தினார். நான் அலமாரியைக் காட்டினேன். "தண்ணியா? முடிஞ்சதும் குடிக்கலாம்," என்றார். நான் மீன் மாதிரி கையை அசைத்துக் காட்டினேன். "தேவகி, இந்தப் பொண்ணுக்கு என்னமோ பண்ணுது," என்றார். வாழ்க்கையில் எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தது அந்த மூன்று நிமிடத்தில்தான்.

தட்டு வெளியே வந்ததும், "டாக்டர், அந்தப் பல்ல தவுக்கேக்குக் கொடுங்க," என்றேன்.

டாக்டர் அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த என் பற்களின் அச்சைப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர், விளக்கம் கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை எனக்கு நாலு ஊசி இருக்கு," என்றார். "ஒரு பேஷன்ட் துள்ளினாலும் சனிக்கிழமை சனிக்கிழமைதான்."

பல்லைப் பட்டறைக்கு எடுத்துப்போய், தண்ணீர் உள்ளே நிறைந்து அது மூழ்குவதற்காகத் துளைகள் போட்டேன். ஓரங்களைத் தேய்த்து மழுக்கினேன். வெள்ளி காலை வரை தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்தேன். கண்ணாடியில் மோதவிட்டுப் பார்த்தேன். சத்தம் 'டக்' இல்லை. தலையணையில் தட்டினால் வருமே, அந்த அளவுதான்.

வெள்ளிக்கிழமை பல்லைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டிக் போட எதுவும் இல்லாத ஒரு பட்டியல் கையில் இருந்தது. தேவகி அக்கா ஒரே நோயாளியின் பெயரை இரண்டு முறை பதிந்தார். தீனிப் பொட்டலம் கவுண்டர் மேல் இருந்தது. முதல் ஊசி. தவுக்கே கப்பலைத் தள்ளியது, அசையவில்லை. குழாயிடம் போனது; அசையவில்லை. இரண்டாம் ஊசி. அது பல்லைச் சுற்றி வந்தது. கொஞ்சம் தள்ளி நின்று யோசித்தது. நெற்றியால் ஒரு முட்டு. பல் ஒருமுறை புரண்டு எழுந்து நின்றது.

அதன் பிறகு தவுக்கே எங்களில் யாரையும் பார்க்கவில்லை. மாலை வரை பல்லைத் தள்ளிக்கொண்டே இருந்தது. இந்த மூலைக்குக் கொண்டுபோகும். சரியில்லை என்று அந்த மூலைக்குக் கொண்டுபோகும். பல் செட்டு அங்கிள் அளவு கொடுக்க மறுபடி வந்திருந்தார். நாற்காலியைத் தொட்டிக்கு நேரே, ஆனால் கொஞ்சம் தூரத்தில் போட்டுக்கொண்டார். "இருக்கிற பல்ல வச்சு அது விளையாடுது, நான் இல்லாத பல்லுக்கு அலையுறேன்," என்றார்.

ஐந்து மணிக்கு டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்றார். தவுக்கே பல்லை அவர் பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தது.

"நாலு பேரும் துள்ளல," என்றார். "தேவகி, அந்த மீன் கடைக்காரருக்கு ஃபோன் போட்டு நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடு."

தேவகி அக்கா ஃபோனை எடுக்கவில்லை. முதலில் பொட்டலத்தைப் பிரித்துத் தீனியை டப்பாவில் திரும்பக் கொட்டினார். ஒரு மணிகூடச் சிந்தவில்லை. பிறகுதான் ஃபோன்.

அன்று மாலை வேனில் உட்கார்ந்து பதினைந்தாம் வரியைக் கையால் எழுதினேன். "நகர்த்த ஒன்றை விட்டுவை." அதற்கு நேரே டிக் போடக் கட்டம் இல்லை. என்ன அளவு, என்ன எடை, எந்தப் பொருள் என்று அங்கே எழுதப் பார்த்தேன். ஒவ்வொரு மீனுக்கும் வேறுபடுவதால் விட்டுவிட்டேன். அதை நீங்கள் அங்கே போய், உட்கார்ந்து, பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேனில் நாற்காலி ஒன்று மடக்கி வைத்திருக்கிறேன். அது அதற்குத்தான்.

அடுத்த புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸ் முறை வரும். போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒரு பெரிய வெள்ளைப் பல் மட்டும் வடிகட்டி வாய்க்கு முன்னாலோ, கப்பலின் மேலோ, எங்கே இருக்கக் கூடாதோ அங்கே கிடக்கும். இதை ஏன் யாரும் ஒட்டவில்லை என்று உங்கள் கை தானாகச் சிலிக்கான் குழலுக்குப் போகும். போனால், கவுண்டர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தேவகி அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.